வயிரத்தின் குணமும் குற்றமும்

‘வயிரம்’ என்னும் சொல் தமிழில் பல பொருள் தந்து நிற்கின்றது. மரத்தின் உள்ளே முற்றி இறுகிய பகுதி வயிரம்; நெஞ்சில் நெடுநாள் ஊறி இறுகிய பகையும் வயிரம்; மணிகளுள் தலையாய மணியும் வயிரமே. முதல் இரண்டையும் இனங்காண நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டுவதில்லை. கோடரி பட்டால் மரத்தின் வயிரம் தெரிந்துவிடும். பங்காளி வீட்டுத் திருமணத்திற்குச் சென்றால் நெஞ்சின் வயிரம் தெரிந்துவிடும். மூன்றாவதை மட்டும் விற்பவர் சொல்லை நம்பியே வாங்குகின்றோம். கத்தரிக்காய் வாங்குங்கால் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துச் சொத்தை தேடுகின்ற நாம், ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கும் கல்லைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

நம் முன்னோர் அவ்வாறு இருந்திலர். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணிக்கடை வீதியைக் கடந்து செல்கின்றான். அங்கே இளங்கோவடிகள் வயிரத்தின் அழகைப் பாடுமுன் அதற்கு இருக்கக்கூடாத குற்றங்களைச் சொல்லிவிடுகின்றார். கோடு போல் ஓடும் ஏகை ஒரு குற்றம். புள்ளியாய் நிற்கும் விந்து இன்னொன்று. கறையாய்ப் படரும் களங்கம் மற்றொன்று. காக்கையின் கால் போலக் கவடுபட்டுத் தோன்றும் காகபாதம் பிறிதொன்று. வகுப்பறையில் இவற்றை அருஞ்சொற்பொருளாக மட்டும் சொல்லிச் சென்றுவிடுகின்றோம். ஆனால் இன்றைய ஆய்வுக்கூடங்கள் கல்லைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியின் கீழ் வைத்துத் தேடுவனவும் ஏறத்தாழ இவையே: ஊசிமுனைப் புள்ளி, மேகம் போன்ற படலம், இறகு போன்ற வெடிப்பு, வளர்ச்சிக் கோடு. பெயர்கள் மாறின, பார்வை மாறவில்லை.

தெளிவு என்று இன்று சொல்லப்படுவது இக்குற்றங்களின் அளவையே. ‘எஃப்.எல்.’ என்பது குற்றமே காணாத கல். ‘வி.வி.எஸ்.’ என்பது தேர்ந்தவரும் தேடித்தான் காண வேண்டிய நுண்குற்றமுடையது. அதனின் கீழே ‘வி.எஸ்.’, ‘எஸ்.ஐ.’ என இறங்கிக் கடைசியில் ‘ஐ’ என்னும் வகையில், வெறுங்கண்ணுக்கே குற்றம் தென்படலாம். மொத்தம் 11 படிகள். ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘வி.வி.எஸ்.’ என்னும் மூன்றெழுத்தை மந்திரம் போல் உச்சரித்து, அதற்கென்று பெருந்தொகை கொடுப்போர் பலர். அணிந்த பின்னர் ஒரு முழத் தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு ‘வி.வி.எஸ்.’ கல்லுக்கும் நல்ல ‘வி.எஸ்.’ கல்லுக்கும் வேறுபாடு தெரியவே தெரியாது. ஆனால் காகபாதம் போன்ற வெடிப்பு கல்லின் ஓரத்தில் இருப்பின், பதிக்கும்போதோ தட்டுப்படும்போதோ கல் உடையக்கூடும். வயிரத்தைக் கீறுவது அரிதே ஒழிய, பிளப்பது அரிதன்று. குற்றம் உண்டா என்பதைக் காட்டிலும் எங்கே உண்டு என்று கேட்பதே அறிவுடைமை.

வயிரத்தின் குணங்களுள் நிலம் தருவன சில. மனிதன் கை தருவது ஒன்றே ஒன்று. அதுவே வெட்டு. 1851ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்த பெருங்கண்காட்சியில் கோஹினூர் வைக்கப்பட்டது. காணத் திரண்ட மக்கள் ஏமாற்றத்தோடு திரும்பினர். கல் பெரிதாயிருந்ததே அன்றி ஒளி வீசவில்லை. மறு ஆண்டில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கைவினைஞரை வரவழைத்து அதனை மீண்டும் பட்டை தீட்டினர். இன்றைய அளவில் ஏறத்தாழ 191 காரட் இருந்த கல் 105.6 காரட்டாகக் குறைந்தது. எடையில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தூளாய்ப் போயிற்று. அதனைப் பெருங்குற்றம் என்பாரும் உளர். நம் நாட்டுப் பழைய முறை கல்லின் உருவத்தையும் எடையையும் காத்தது. ஐரோப்பிய முறை ஒளியைத் தேடியது. இரண்டும் இருவேறு சுவைகள் என்பதே நம் கருத்து.

ஒளியின் கணக்கு பின்னர்த் துலங்கியது. வயிரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. உட்புகுந்த ஒளி அடிப்பட்டைகளில் உரிய கோணத்தில் பட்டால் வெளியேறாமல் உள்ளேயே எதிரொளித்து மேல்முகத்தின் வழியே கண்ணுக்குத் திரும்பும். கல் மிக ஆழமாயினும் மிகத் தட்டையாயினும் ஒளி அடிவழியே ஒழுகிவிடும். நடுவில் இருள் தட்டும். மார்செல் டோல்கோவ்ஸ்கி என்னும் பொறியியலாளர் 1919இல் வட்டக் கல்லுக்குரிய கோணங்களைக் கணக்கிட்டு நூலாக வெளியிட்டார். இன்று நாம் காணும் 57 அல்லது 58 பட்டை கொண்ட வட்டக் கற்கள் அவ்வழியில் வந்தவையே. ஆகவே ஆழமாக வெட்டி எடை கூட்டிய கல்லை வாங்குவோர், கண்ணுக்குத் தெரியாத அடிவயிற்றுக்கும் விலை கொடுக்கின்றனர்.

எடையைப் பற்றி நெடிது பேச வேண்டா. ஒரு காரட் 200 மில்லிகிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட். தங்கத்தின் 22 காரட் தூய்மையைச் சொல்வது. கல்லின் காரட் எடையைச் சொல்வது. இரண்டையும் குழப்பிக்கொள்வோர் படித்தவரிலும் உண்டு. ‘கீராத்’ என்னும் அரபுச் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் காரட் ஆயிற்று; அதன் வேர் கிரேக்கத்தில் ஒரு மரத்தின் விதையைக் குறித்தது. குன்றிமணியால் பொன்னை நிறுத்த நமக்கு இது புதுமையன்று. ஒரே தரமுள்ள அரைக் காரட் கற்கள் இரண்டின் விலையைவிட ஒரு காரட் கல் ஒன்றின் விலை மிகுதி என்பதை மட்டும் மாணவச் செல்வங்கள் மனத்தில் கொண்டால் போதும்; பெருங்கல் அரிது என்பதே காரணம்.

நிறத்தில் ஒரு விந்தை உண்டு. 1931இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மணியியல் நிறுவனம் வகுத்த வரிசை ‘டி’ எழுத்தில் தொடங்கி ‘இசட்’ வரை செல்கின்றது. ‘ஏ’, ‘பி’, ‘சி’ ஆகியவற்றை வணிகர் முன்னரே தத்தமக்குத் தோன்றியவாறு கையாண்டு வந்தமையால், குழப்பம் நீங்க ‘டி’யிலிருந்து தொடங்கினர். ‘டி’ நிறமற்றது, இறங்க இறங்க மஞ்சள் ஏறும். தமிழகத்திலோ பாட்டிமார் ‘புளூ ஜாகர்’ என்று நீலம் பாய்ந்த கல்லையே போற்றினர். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரே அவர்கள் நாவில் ஜாகர் ஆயிற்று. அத்தகைய நீலச் சாயலுக்குப் பெரும்பாலும் காரணம், கதிரவன் ஒளியிலுள்ள புறஊதாக் கதிர் பட்டுக் கல் தானே நீலமாய் ஒளிர்தல். பாட்டிமார் விரும்பிய அதே குணத்திற்கு இன்றைய சந்தையில் சிலர் விலையைக் குறைக்கின்றனர்!

இவையெல்லாம் ஏட்டறிவாக நில்லாமல் நம் இல்லத்துக்குள் நுழைந்தது 2011ஆம் ஆண்டில். தமக்கையாரின் அறுவை மருத்துவத்துக்குப் பணம் தேவைப்பட்டது. அன்னையார் தம் திருமணத்தின்போது அணிந்த ஏழுகல் தோட்டைக் கழற்றித் தந்தார். முதலில் சென்ற கடையில் கல்லைக் கழற்றாமலே, பழைய வெட்டு, மஞ்சள் மிகுதி என்று சொல்லி, தங்கத்தின் விலைக்கு மேல் சிறுதொகை சேர்த்துத் தருவதாகக் கூறினர். எந்தப் படியில் மஞ்சள் என்று கேட்டோம், விடையில்லை. பின்புறம் தங்கத் தகட்டால் மூடிப் பதித்த கல்லின் நிறத்தைத் துல்லியமாகக் கூறுதல் எவர்க்கும் இயலாது. நன்றி கூறி எழுந்து வந்தோம்.

மணி வாணிகத்தில் முதிர்ந்த பெரியவர் ஒருவரிடம் பின்னர்ச் சென்றோம். அவர் கற்களைக் கழற்றினார். வெண்தாளை மடித்து, வடக்குச் சாளரத்தின் வெளிச்சத்தில், கற்களைக் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பார்த்தார். ஊதாக்கதிர் விளக்கின் கீழ் வைத்தார். பன்னிரண்டு கற்கள் நல்ல வயிரம். அவற்றுள் ஒன்பது நீலமாய் ஒளிர்ந்தன. எஞ்சிய இரண்டு வயிரமே அல்ல, வெள்ளை நீலக்கல். நாற்பது ஆண்டுகளில் தோடு பலமுறை மெருகுக்கும் பழுதுக்கும் சென்று வந்தது. எங்கே மாறின என்று எவரைக் கேட்பது? அந்நிலையிலும் அவர் மதிப்பிட்ட தொகை முதற்கடையின் தொகையைப் போல் இருமடங்குக்கு மேல் இருந்தது. மருத்துவம் தடையின்றி முடிந்தது. செய்தியை அன்னையாரிடம் சொன்னபோது அவர் விலையைப் பற்றிக் கேட்கவில்லை; போலிக்கல் வலத் தோட்டிலா இடத் தோட்டிலா என்று மட்டும் கேட்டார். தோட்டுக்கு ஒன்று என்றோம். நெடுநேரம் பேசாதிருந்தார்.

இன்று இச்சிக்கல் வளர்ந்துள்ளது. ‘அமெரிக்கன் வைரம்’ எனப்படும் போலியைப் பிடிப்பது எளிது. அதே பருமனுள்ள வயிரத்தினும் அது ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும். பொருள்களின் செறிவை நீரில் இட்டு அளந்து, மணிகளைப் பற்றித் தனிநூலே எழுதிய அல்பிரூனிக்கு 11ஆம் நூற்றாண்டிலேயே இவ்வழி தெரிந்திருந்தது. மோய்சனைட் என்னும் கல்லோ வெப்பமானியை ஏமாற்றும். லென்ஸின் கீழ்ப் பட்டை விளிம்புகள் இரட்டையாய்த் தெரிவதால் அகப்படும். ஆய்வுக்கூடத்தில் விளைந்த வயிரம் இவ்விரண்டையும் போன்றதன்று. அது போலியன்று, வயிரமே. 1954இல் அமெரிக்காவில் முதன்முதல் உறுதியாக ஆக்கப்பட்ட அது, இன்று நிலத்து வயிரத்தினும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றது. கண்ணாலோ லென்ஸாலோ வேறுபாடு காண இயலாது. தக்க கருவி வேண்டும். அதனை அதுவென்று சொல்லி விற்றால் குறையொன்றுமில்லை. சொல்லாமல் விற்பதே களவு. எனவே வாங்குவோர் ஆய்வுக்கூடச் சான்றிதழைக் கேட்கவேண்டும்; சான்றிதழ் எண் கல்லின் இடைவிளிம்பில் பொறிக்கப்பட்டிருப்பின் லென்ஸால் ஒப்பிட வேண்டும்; கடையின் கண்கூசும் விளக்கொளியை விட்டு வாசற்பக்கம் கொண்டுவந்து பார்க்க வேண்டும்; திரும்ப எடுத்துக்கொள்ளும் விலையை எழுத்தில் பெற வேண்டும்.

ஊர்காண் காதை நடத்தும் நாளில் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றைப் பையில் எடுத்துச் செல்வது சில ஆண்டுகளாக நம் வழக்கம். பாடம் முடிந்ததும் அது மாணவியர் வரிசைக்குப் போய்விடும். ஒருவர் மூக்குத்தியை ஒருவர் ஆராய்ந்து, ஏகை கண்டேன், விந்து கண்டேன் என்று எழும் ஆரவாரம், அடுத்த வகுப்பு ஆசிரியர் வந்து வாயிலில் நிற்கும்வரை அடங்குவதில்லை.