பொதுச் சல்லடை

தபாற்கடிதம் எழுதுபவன் முத்திரைக்குக் காசு கொடுக்கிறான். ஆதலால் வீணுக்கு எழுதுவோர் சிலரே. மின்னஞ்சலுக்கோ முத்திரையில்லை. ஒருவருக்கு எழுதினாலும் இலட்சம் பேருக்கு எழுதினாலும் எழுதுபவனுக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றே. வேண்டாததைக் கழிக்கும் சிரமம் மட்டும் பெறுபவர் தலையிற் பொறிகிறது. இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1978ஆம் ஆண்டு மே மாதத்திலேயே அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையமைப்பிற் கணினி விளம்பரமொன்று ஏறக்குறைய 400 பேருக்கு ஒருமிக்க அனுப்பப்பட்டது.

நாம் சிலர் கூடி ஒரு சிறு வாசிகசாலையின் மின்னஞ்சலைப் பராமரித்து வருகிறோம். லொத்தர் விழுந்ததென்றும், வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை உடனே தருக என்றும் பொய்க் கடிதங்கள் நாள்தோறும் வருகின்றன. அவற்றுக்குக் காவலாக நாம் வைத்திருப்பது ஸ்பாமசாசின் என்னும் இலவச மென்பொருள். ஜஸ்ரின் மேசன் என்பவர் 2001இல் வெளியிட்ட இது, 2004இல் அப்பாச்சி மென்பொருள் மன்றத்தின் திட்டங்களுள் ஒன்றாயிற்று.

நல்ல நீதிபதி ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்பளிப்பதில்லை. இம்மென்பொருளும் அவ்வாறே. அனுப்பிய சேவையகம் கரும்பட்டியலில் உள்ளதா, தலைப்பு முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தா என்றெல்லாம் நூற்றுக்கணக்கான விதிகள் வினவும். ஒவ்வொரு விதிக்கும் ஒரு புள்ளி. நல்ல அறிகுறி தென்பட்டாற் புள்ளி குறையும். வழக்கமான அமைப்பில், கூட்டுத்தொகை 5ஐ எட்டிய கடிதம் குப்பையெனக் குறிக்கப்படும்.

புள்ளிகளை வகுப்பவர் யார்? பல நாட்டுத் தொண்டர்கள் தத்தம் கடிதங்களைக் கையாலே நல்லவை, தீயவை என இரு குவியலாகப் பிரித்து வைத்து, விதிகளைத் தம் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கின்றனர். எந்த விதி எக்குவியலிற் பட்டது என்ற கணக்கே பொதுவிடம் செல்லும். கடிதம் வீட்டைவிட்டு வெளியேறாது. பங்குக் கிணற்றில் நீர் இறைப்பவர் தூர்வாரும் நாளிலும் வந்து நிற்க வேண்டுமன்றோ? ஆகையால் நாமும் ஞாயிறுதோறும் அரைமணி நேரம் அமர்ந்து பிரிக்கிறோம்.

தூர்வாராத கிணற்றின் கதையும் ஒன்றுண்டு. வெகுதூர எதிர்காலத் திகதியிட்ட கடிதம் ஐயத்துக்குரியது என்று ஒரு விதி இருந்தது. அதை எழுதிய நாளில் 2010ஆம் ஆண்டு தொலைவில் இருந்தது. விதி நின்ற இடத்திலேயே நின்றது. காலம் நடந்து வந்து சேர்ந்தது. 2010 சனவரி 1ஆம் திகதி, குற்றமற்ற கடிதங்களுக்கும் வீண்புள்ளிகள் ஏறலாயின. வளர்ச்சியிலிருந்த பதிப்பிலே முன்னரே செய்த திருத்தம், பாவனையிலிருந்த பதிப்புக்கு வந்து சேரவில்லை. அன்றே திருத்தம் அனுப்பப்பட்டதாயினும், அதற்குள் எத்தனை புத்தாண்டு வாழ்த்துகள் குப்பையில் வீழ்ந்தனவோ!

தீய கடிதமொன்று தப்பி வந்தால் அழித்துவிடலாம். நல்ல கடிதமொன்று குப்பைக்குட் போனாலோ, இழந்தவருக்கே இழந்தது தெரியாது. வாசிகசாலை முகவரியைத் தன் முகவரியாகக் கொடுத்திருந்த மாணவி ஒருத்திக்கு நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு வந்தது. தலைப்பெல்லாம் பெரிய எழுத்து. உள்ளே இணைப்புகள் பல. குறித்த நாளுக்கு முதல்நாள் மாலை, குப்பைப் பெட்டியைத் துழாவியபோதுதான் அது கண்ணிற்பட்டது. இரவு பஸ்ஸேறி அவள் போய்ச் சேர்ந்தாள்.

அவளுடைய சம்மதத்துடன் அக்கடிதத்தை நல்ல குவியலிற் சேர்த்தோம். இனி அத்தகைய அழைப்பொன்று எந்த நாட்டில் எந்தப் பிள்ளைக்கு வந்தாலும், அதன் புள்ளியை வகுத்த கணக்கில் நமது சிறு சாட்சியமும் இருக்கும். வாசகர்களே, உங்கள் வீட்டுக் குப்பைப் பெட்டியையும் இன்று ஒருமுறை திறந்து பாருங்கள்.