இரண்டு முழுச் சுற்று

பாடியிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது அந்தப் பட்டறை. தகரக் கூரை, மூன்று வண்டி நிற்கிற இடம், சுவரில் அளவுவாரியாக மாட்டிய ஸ்பானர்கள். நான் போனபோது ரெனோ டஸ்டர் டீசல் ஒன்று வலது முன்சக்கரம் இல்லாமல் நின்றது. என்ஜினின் ஆயில் சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை, கட்டைக்கு அடியில் ஜாக்கி. அந்தப் பக்கத்து என்ஜின் மவுன்ட்டைக் கழற்றினால்தான் டைமிங் பெல்ட்டுக்குக் கை போகும். மவுன்ட் போனால் என்ஜின் தொங்கிவிடும். அதற்காகத்தான் இந்த முட்டு.

"பெல்ட்டை மாட்டுறது சின்ன வேலை சார். மாட்டுறதுக்கு முன்னாடியும் அப்புறமும் பாக்குறதுலதான் நேரமே போவுது" என்றார் பட்டறை உரிமையாளர். ஐம்பதைக் கடந்தவர். கூட இரண்டு இளைஞர்கள். ஒருவர் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு வந்தவர், இன்னொருவர் பள்ளியை விட்டதும் நேராக இங்கே வந்தவர். இருவருக்கும் அவர் "அண்ணா".

பெல்ட் செய்கிற வேலையைக் காகிதத்தில் எழுதினால் ஒரு வரிதான். நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். கிராங்க் பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிறது; கேம் வால்வுகளைத் திறக்க வைக்கிறது. கிராங்க்கின் பல்சக்கரத்தில் 20 பல் என்றால் கேமில் 40. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் என்ஜினில் கிராங்க் விநாடிக்கு 50 முறை சுற்றும், ஒவ்வொரு வால்வும் 25 முறை திறந்து மூடும். அத்தனை முறையும் பிஸ்டன் மேலே வரும்போது வால்வு ஒதுங்கியிருக்க வேண்டும். கட்டும்போது ஒரே ஒரு பல் பிசகினால், கிராங்க் கணக்கில் அது 18 டிகிரி.

முன்பெல்லாம் இந்த இணைப்புக்குச் செயின் அல்லது கியர்தான். 1962-இல் ஜெர்மனியில் தயாரிப்புக்கு வந்த கிளாஸ் 1004 என்ற சிறிய காரில்தான் பல் வைத்த ரப்பர் பெல்ட், தயாரிப்புக் கார்களில் முதல்முறையாக, இந்த வேலைக்கு வந்தது. சத்தம் குறைவு, விலை குறைவு, எண்ணெய் தேவையில்லை. ரப்பருக்குள் கண்ணாடி இழைக் கயிறுகள் நீளவாக்கில் ஓடுகின்றன. பற்களின் மேல் நைலான் துணி. இழுத்தால் நீளாது. ஆனால் அழுத்தி மடித்தால் உள்ளே இழை முறிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் இந்தப் பட்டறையில் புதுப் பெல்ட் கடைசி நிமிடம் வரை அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. செயின் தேய்ந்தால் பெரும்பாலும் கரகரவென்று சத்தம் போட்டு முன்கூட்டியே சொல்லும். பெல்ட் அநேகமாக எதுவும் சொல்லாது. ஓடிக்கொண்டே இருந்து ஒருநாள் அறுந்துவிடும்.

டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் என்ஜினில் சரியான இடத்தைக் காட்ட டைமிங் பின்கள் உண்டு. என்ஜின் பிளாக்கில் ஒரு மூடியைக் கழற்றி ஒரு பின்னைத் திருகி ஏற்றுகிறார்கள். கிராங்க்கை மெல்லச் சுழற்றினால் அது வந்து பின்னில் இடித்து நிற்கும். முதல் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அதற்குப் பொருள். இன்னொரு பின் கேம் பல்சக்கரத்தின் துளை வழியாகப் போய் ஹெட்டில் உள்ள துளையில் இறங்குகிறது. இரண்டு பின்னும் தடையில்லாமல் இறங்கினால் இரண்டு ஷாஃப்ட்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

பழைய பெல்ட்டைத் தொடும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்பதில் அண்ணா கறார். கிராங்க் புல்லியின் போல்ட்டை ஐடிஐ இளைஞர் இளக்கப் போனபோது, "பின்னை எடுத்துட்டியா?" என்று கேட்டார். அந்த போல்ட் அசுரத்தனமாக இறுகியிருக்கும். பின் இடம் காட்டுவதற்கு மட்டும்தான். அதை நம்பி போல்ட்டோடு மல்லுக்கட்டினால் பின் வளையும், சமயத்தில் பிளாக்கே அடிபடும். ஐந்தாவது கியரில் போட்டு, இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி, பிறகே இளக்கினார்கள்.

பக்கத்தில் ஒரு பழைய ஹூண்டாய் சான்ட்ரோ நின்றது. டஸ்டர் ஒரகடத்தில் பிறந்தது, சான்ட்ரோ இருங்காட்டுக்கோட்டையில். இரண்டும் காஞ்சிபுரத்துப் பக்கத்து வண்டிகள்தான். ஆனால் டைமிங் பார்க்கிற விதம் வேறு. சான்ட்ரோவில் பின் கிடையாது, மார்க்தான். கிராங்க் பல்சக்கரத்தின் மார்க் ஆயில் பம்ப் உடலில் உள்ள மார்க்குக்கு நேராக வர வேண்டும், கேமில் உள்ளது ஹெட்டில் உள்ளதற்கு. மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் நேராகத் தெரியும் மார்க், குனிந்து கண்ணை அதே மட்டத்துக்குக் கொண்டுபோனால் அரைப் பல் தள்ளி நிற்கும். கிராங்க் மார்க்கை மட்டும் நம்பவும் முடியாது. இரண்டு சுற்றுக்கு இரண்டு முறை அது நேராக வரும். கேம் மார்க் ஒரு முறைதான் வரும்.

அந்த சான்ட்ரோ வந்த கதையை அண்ணா சொன்னார். வேறு எங்கோ பெல்ட் மாற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பிக்கப் இல்லை, ஐடிலிங்கில் நடுக்கம். பிளக் மாற்றினார்கள், காயில் மாற்றினார்கள், பெட்ரோல் பம்ப்பும் மாற்றினார்கள். இங்கே வந்து கவரைத் திறந்தால் கேம் ஒரு பல் தள்ளியிருக்கிறது. பல்சக்கரங்களில் வெள்ளை பெயின்ட் கோடுகள். பழைய பெல்ட் எப்படி இருந்ததோ அப்படியே கோடு போட்டு, பல்லை எண்ணி, புதுப் பெல்ட்டை ஏற்றுவது பல பட்டறைகளில் உள்ள பழக்கம். வேகமான வழி, பெரும்பாலும் சரியாகவும் வரும். ஆனால் முன்னால் கட்டியவர் விட்ட பிழை இருந்தால் அதையும் சேர்த்தே அது நகலெடுக்கும். "பெயின்ட் கோடு போடுறதுல தப்பில்ல. போட்டது யாருன்னு தெரியாத கோட்டைத்தான் நம்பக் கூடாது" என்றார்.

சரியாகவே வைத்து ஆரம்பித்தாலும் பிசகுவதற்கு இடம் உண்டு. பெல்ட்டைக் கழற்றியதும் வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தில் கேம் தானாகச் சற்றே துள்ளும். புதுப் பெல்ட்டைக் கிராங்க்கில் தொடங்கி, அதை இறுக்கும் டென்ஷனர் இல்லாத பக்கத்தைத் தொய்வில்லாமல் இழுத்துக் கொண்டுபோக வேண்டும். தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கமே சேர வேண்டும். டென்ஷனர் இல்லாத பக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தால், டென்ஷனர் இறுக்கும்போது அந்தத் தளர்வை எடுத்துக்கொண்டு கேமையும் நகர்த்திவிடும்.

அதனால்தான் இரண்டு முழுச் சுற்று. பெல்ட்டைப் பூட்டி, டென்ஷனரை வைத்து, பின்களை உருவிவிட்டு, நீளக் கைப்பிடி போட்ட ராட்செட்டால் கிராங்க்கை ஓடும் திசையிலேயே மெல்லச் சுழற்றுகிறார்கள். பின்னோக்கி ஒரு பல் கூடத் திருப்புவதில்லை. 720 டிகிரி முடிந்தால்தான் என்ஜினின் ஒரு வட்டம் முடிகிறது. ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறந்து மூடியிருக்கும். அதன் பிறகு பின்கள் மறுபடி இறங்க வேண்டும், டென்ஷனரின் முள் அதற்குரிய இடத்தில் நிற்க வேண்டும்.

ராட்செட்டை என் கையில் கொடுத்தார். கம்ப்ரெஷன் வரும் இடத்தில் கனத்தது; பிடித்தபடி காத்திருந்தால் காற்று கசிந்து மெல்ல விட்டுக்கொடுத்தது. "இப்படி விட்டுக் குடுத்தா காத்து சார். டக்குனு நின்னு, அப்புறம் நகரவே மாட்டேன்னா அது வால்வு. அங்கயே கைய எடுத்துரணும்." கையால் சுழற்றும்போது இடித்தால் பெரும்பாலும் திருத்திக்கொள்ளலாம். அதே இடியை ஸ்டார்ட்டர் மோட்டாரிடம் விட்டால் வால்வு வளைந்துவிடும். டீசல் என்ஜின் காற்றைப் பதினைந்து மடங்குக்கும் மேல் அமுக்குவது. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிச்சம் இருக்கும் இடம் மிகக் குறைவு.

சுற்றி முடித்ததும் இளையவர் முகம் மாறியது. புதுப் பெல்ட்டில் கம்பெனி போட்டிருந்த வெள்ளைக் கோடுகள் எங்கோ போய்விட்டன. அண்ணா சிரிக்கவில்லை, திட்டவுமில்லை; கணக்குப் போடச் சொன்னார். கிராங்க்கில் 20 பல் என்றால் இரண்டு சுற்றில் பெல்ட் நகர்வது 40 பல் தூரம். நூறு பல்லுக்கு மேல் இருக்கிற பெல்ட் எப்படிப் பழைய இடத்துக்கே திரும்பி வரும்? கோடு ஏற்றும்போது உதவுவதற்கு. சரிபார்க்க பல்சக்கரமும் பின்னும்தான்.

பெல்ட் அறுந்து வரும் வண்டிகளின் கதை வேறு. ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, வளைந்த வால்வுகளை மாற்ற வேண்டும். மோசமாக அடிபட்டிருந்தால் புதுப்பேட்டையில் பழைய ஹெட் தேடிப் போகிறார்கள். பெல்ட்டின் விலையோடு ஒப்பிட்டால் செலவு பல மடங்கு. அநேக என்ஜின்களின் கையேடுகள் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கின்றன. கூடவே ஆண்டுக் கணக்கும் உண்டு. நம் ஊரில் கிலோமீட்டரை நினைவு வைப்பவர்கள் ஆண்டை மறந்துவிடுகிறார்கள் என்பது அண்ணாவின் குறை. வாட்டர் பம்ப் இதே பெல்ட்டில் ஓடுகிற என்ஜினில் அதையும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுகிறார். கேம் ஆயில் சீல் கசிந்தால் புதுப் பெல்ட்டும் எண்ணெயில் ஊறிக் கெடும் என்று அதையும் பார்க்கிறார்.

இந்த வேலை குறைந்துகொண்டும் வருகிறது. மாருதியின் கே வரிசை என்ஜின்களும் ஹூண்டாயின் கப்பா என்ஜின்களும் செயினுக்குப் போய்விட்டன. பிஎஸ்-6 புகை விதிமுறை வந்த 2020-இல் ரெனோ இங்கே டீசலையே நிறுத்திக்கொண்டது. ஏற்கெனவே விற்ற வண்டிகள் ஓடும் வரைதான் இந்தப் பின்களுக்கு வேலை.

மாலையில் டஸ்டரின் சொந்தக்காரர் வந்தார். பில்லில் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கூலன்ட் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி. லேபர் ஒரே வரி. "ஒரு ரப்பர் மாத்துறதுக்கு இவ்ளோவாண்ணா?" என்று அவர் விரல் வைத்தது அந்த வரியில்தான். பின் இறக்கியது, போல்ட்டுக்கு முன் பின்னை எடுத்தது, இரண்டு சுற்று, மறுபடி பின் இறக்கியது எதுவும் பில்லில் இல்லை; கவர் மூடியிருப்பதால் காட்டவும் முடியாது. ஒழுங்காகச் செய்தால் எதுவும் நடக்காமல் இருப்பதுதான் இந்த வேலையின் பலன். நடக்காத ஒன்றுக்கு எப்படி விலை சொல்வது? அண்ணா விளக்கம் சொல்ல முயலவில்லை. லேபரில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. கூலன்ட்டில் நூறு ரூபாய் கழித்துக்கொடுத்து அனுப்பினார்.