திருவொற்றியூர் புல்லட்டின் கிளட்ச்

அன்புள்ள கவினுக்கு,

பர்மிங்காமில் நீ வாங்கியிருக்கும் பழைய புல்லட், அந்நகருக்கு அருகிலுள்ள ரெடிச்சில் பிறந்து, சென்னையில் வளர்ந்த வடிவமைப்பைச் சேர்ந்தது. இந்திய ராணுவத்துக்குத் தேவைப்பட்ட 350 சிசி வண்டிகளை உள்நாட்டிலேயே உருவாக்க, ரெடிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955இல் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் கப்பலில் வந்த உதிரிகளைப் பூட்டிக்கொண்டிருந்த அதன் திருவொற்றியூர் ஆலை, பின்னர் அவற்றைத் தானே தயாரித்தது. 1967இல் ரெடிச் ஆலை மூடப்பட்ட பின்னும் அவ்வடிவம் இங்கே பெரிதும் மாறாமல் நீடித்து, 1977 முதல் பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது.

இவ்வண்டியின் கிளட்ச், அதாவது என்ஜினின் சுழற்சியைக் கியர்பெட்டியோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் உறுப்பு, எண்ணெயில் நனைந்தபடி இயங்கும் பல தட்டுகளின் அடுக்காகும். உராய்வுப் பொருள் பதித்த தட்டுகளும் வெறும் எஃகுத் தட்டுகளும் மாறிமாறி அமைந்து ஸ்பிரிங்குகளால் இறுகியிருக்க, கிளட்ச் பிடியை இழுக்கும்போது கியர்பெட்டித் தண்டின் உள்துளையில் ஓடும் புஷ்ராடு என்னும் கம்பி, பிரஷர் பிளேட்டைத் தள்ளி அவ்விறுக்கத்தைத் தளர்த்துகிறது.

தேய்ந்த தட்டுகளை மட்டும் மாற்றி மூடிவிடுவது பாதி வேலையே. தட்டின் விளிம்பிலுள்ள காதுகள், தட்டடுக்கைச் சூழ்ந்த டிரம்மின் வெட்டுகளில் அமர்ந்திருப்பதால், ஆக்சிலரேட்டரைத் திருகும்போதெல்லாம் அவை மோதி, வெட்டின் சுவரில் சிறு பள்ளங்களை உண்டாக்குகின்றன. பின்னர் பிடியை இழுத்தாலும் காதுகள் அப்பள்ளங்களில் சிக்கி நிற்பதால் தட்டுகள் பிரிவதில்லை, சிக்னலில் நியூட்ரல் கிடைப்பதில்லை. விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தாலே புலப்படும் இப்பள்ளம் ஆழமற்றதாயின் மென்அரத்தால் சமன்செய்யலாம். ஆழமாயின், அராவினால் காதுகளின் ஆட்டம் கூடுமாதலால், டிரம்மையே மாற்றுவது தகும். எஃகுத் தட்டுகளைக் கண்ணாடியின்மீது வைத்து வளைவு பார்க்க வேண்டும். பிடியை இழுக்கையில் பிரஷர் பிளேட் ஒருபக்கம் முந்தி எழுந்தால், ஸ்பிரிங்குகளின் உயரம் சமமாக உள்ளதா என்பதே முதலில் பார்க்கத்தக்கது.

கிளட்சை மூடியிருக்கும் செயின் உறையை ஒரே ஒரு நட்டு தாங்குவது திறப்பதற்கு வசதியானது எனினும், எண்ணெய் கசிகிறதென்று அதை அளவுமீறி முறுக்கினால் உறை நெளிந்து கசிவு மேலும் கூடும். ரப்பர் வளையத்தைப் புதிதாக இடுவதே முறை. பல நாள் நின்ற வண்டியில் தட்டுகள் எண்ணெயால் ஒட்டிக்கொள்வதுண்டு என்பதால், கிளம்புமுன் பிடியை இழுத்தவாறே கிக்கரைச் சிலமுறை மிதித்து அவற்றைப் பிரித்துக்கொள்வது புல்லட் ஓட்டுநர்களிடையே நெடுநாள் வழக்கம்.

அன்புடன்,
சித்தப்பா