சுவரொட்டி இருக்கா, பாய்?

யோகோஹாமாவில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தபோது, மீன் கடைப் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பெயர்களை மாப்பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்பது எனக்குப் பொழுதுபோக்கு. சூரை மீன் ஒன்றுதான். அதில் கொழுப்பில்லாத சிவந்த சதை அகாமி. வயிற்றுப் பக்கம் ஓரளவு கொழுப்புள்ளது சூதோரோ, கொழுப்பு மிகுந்தது ஓதோரோ. செவுளுக்குப் பின்னால் இருக்கும் துண்டு காமா. பெயர் மாறினால் விலையும் மாறும். நம் சேத்தூரில் கண்மாய் விரால் வாங்கினால் தலை, நடுத்துண்டு, வால். அவ்வளவுதான் கணக்கு.

கறிக் கடையில் கதை வேறு. மாட்டு நாக்குக்குத் 'தான்', இருதயத்துக்கு 'ஹாட்சு', இன்னும் 'ரோசு', 'ஹிரே' என்றார் மாப்பிள்ளை. டங், ஹார்ட், ரோஸ்ட், ஃபில்லே எல்லாம்தான் ஜப்பானிய வாயில் அப்படி ஆகியிருக்கின்றன. 675ஆம் ஆண்டிலேயே அவர்கள் மன்னர் மாடு, குதிரை, கோழியை எல்லாம் தின்னக்கூடாது என்று தடை போட்டார். மெய்ஜி மன்னர் மாட்டுக்கறி சாப்பிட்டதை ஊரறியச் சொன்னது 1872இல். இடையில் சாப்பிடாமலா இருந்தார்கள்? காட்டுப்பன்றிக்கும் குதிரைக்கும் பூக்களின் பெயரை வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்கள். குதிரைக்கறிக்கு இன்றும் செர்ரிப் பூவின் பெயர்தான், சகுரா!

கடல் அவர்களுக்கு வாசலில். நமக்கு மலையும் மேய்ச்சலும். அதனால் நம் சொற்செல்வம் ஆட்டில் இருக்கிறது. நெஞ்செலும்பு, சப்பை, தொடைக்கறி, கழுத்துக்கறி, நல்லி, ஈரல், குண்டிக்காய், குடல், தலைக்கறி, சுவரொட்டி. எங்கள் அம்மா கடைக்கு அனுப்பும்போது "கறி வாங்கிட்டு வா" என்று சொன்னதே கிடையாது. சூப்புக்கு நெஞ்செலும்பு, வறுவலுக்குத் தொடை என்று பிரித்துத்தான் சொல்வாள்.

இதில் சுவரொட்டி தனி ரகம். மண்ணீரல்தான் அது. சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளுமாம், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். இரும்புச்சத்து மிகுந்தது. வீட்டில் பிள்ளை பெற்றவளோ ரத்தம் குறைந்தவளோ இருந்தால் முதலில் தேடுவது அதைத்தான். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் உண்டு என்பதால், சனிக்கிழமை சாயங்காலமே சொல்லிவைக்காவிட்டால் கிடைக்காது.

ஜப்பான்காரன் கடன் வாங்கியதற்காவது ஒரு காரணம் இருந்தது. நாம் கையில் இருந்ததை வைத்துவிட்டு லிவர், கிட்னி, பிரெயின், போன்லெஸ் என்கிறோம். போனில் வரவழைக்கும் பிள்ளைகளுக்கு 'கறி கட்' என்ற ஒரே சொல் போதும். எந்த இடத்துக் கறி என்று கேட்டால் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறார்கள். எது சீக்கிரம் வேகும், எது சூப்புக்கு ஆகும் என்பது அந்தப் பெயர்களுக்குள்தானே இருந்தது?

போன ஞாயிற்றுக்கிழமை பேத்திக்காகக் கடைக்குப் போனேன். ரத்தம் குறைவு என்று டாக்டர் மாத்திரை எழுதியிருந்தார். அது பாட்டுக்கு இருக்கட்டும்.

"சுவரொட்டி இருக்கா, பாய்?"

"எத்தனை வேணும் சார்? மூணு கிடக்கு. இப்ப யாரும் பேர் சொல்லிக் கேக்குறதில்லை."

இரண்டு வாங்கி வந்தேன். மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் போட்டு என் மனைவி வதக்கினாள். பேத்தி சாப்பிட்டுவிட்டு, "இதுக்குப் பேர் என்ன தாத்தா?" என்றாள். சொன்னேன். நம்பாமல் சுவரைப் பார்த்தாள்.