பொது வழி

என் மேசை இழுப்பறையில் பல ஆண்டுகளாக ஒரு சிறு கருவி முடங்கிக் கிடந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் குரல் பதிவுக் கருவி அது. அதனை விற்றால் ஒரு வெள்ளிக்கும் போகாது. ஆயினும், என் வீட்டில் உள்ள பொருள்களுள் எதனை இழக்க அஞ்சுகிறாய் என்று எவரேனும் கேட்டிருந்தால், தயங்காமல் அதனையே சுட்டியிருப்பேன்.

2004ஆம் ஆண்டில் அக்கருவியை எடுத்துக்கொண்டு, பேராக் மாநிலத்தில் நான் பிறந்து வளர்ந்த இரப்பர்த் தோட்டத்திற்குச் சென்றேன். லயத்து வாசலில் ஆறு மூதாட்டியரை அமர்த்தி, அவர்கள் அறிந்த தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் பாடச் சொல்லிப் பதிவு செய்தேன். அவர்களுள் ஒருவர் என் பெரியம்மா. நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். கையெழுத்திடத் தெரியாமல் பெருவிரல் ரேகை வைத்தவர். எனினும், பாட்டென்று தொடங்கினால் விடியும் வரையில் ஓயாதவர்.

பதிவானவற்றைக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்று அன்றே எண்ணினேன். எண்ணியதோடு சரி. தேர்வுத்தாள் திருத்தம், பள்ளி விளையாட்டுப் போட்டி, மகளின் திருமணம் என்று காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருந்தன. 2009ஆம் ஆண்டில் பெரியம்மா மறைந்தார். மற்ற ஐவரும் ஒருவர் பின் ஒருவராகச் சென்றனர். தோட்டம் விற்கப்பட்டது, லயங்கள் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புப் பகுதி இருக்கிறது. நான் பணி ஓய்வு பெற்று இழுப்பறையைத் துப்புரவு செய்தபொழுதுதான் கருவி மீண்டும் கையில் பட்டது. மின்கலம் கசிந்து பொத்தான்களை அரித்திருந்தது. ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது. காதில் மாட்டிக் கேட்கும் துளையும் துருவேறிவிட்டது. கெடாமல் எஞ்சியிருந்தது யூ.எஸ்.பி. வாய் ஒன்றே.

அதனைக் கணினியில் செருகினேன். இனந்தெரியாத கருவி என்று கணினி அறிவித்தது. கணினிக் கடைக்காரரிடம் கொண்டு சென்றேன். "டிரைவர் இல்லை சார், இது பழைய மாடல். வேறு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார் அவர். கருவியோடு வந்த குறுந்தட்டைத் தேடியெடுத்தேன். அதன் பூச்சு உரிந்து, எந்தக் கணினியாலும் படிக்க முடியாத நிலையில் இருந்தது. கருவியைச் செய்த நிறுவனமும் அந்த மென்பொருளைத் தன் இணையப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டிருந்தது. குரல்கள் உள்ளே இருக்கின்றன, வாசலும் இருக்கிறது, ஆனால், வாசலில் நின்று மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய ஆள் மட்டும் இல்லை. அந்த ஆளைத்தான் 'டிரைவர்' என்றும், தமிழில் 'இயக்கி' என்றும் கூறுகின்றோம்.

2022ஆம் ஆண்டுத் தீபாவளியன்று என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பினாங்கு, பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பொறியியலாளனாக இருப்பவன். என் முகவாட்டத்தின் காரணத்தைக் கேட்டறிந்து, கருவியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"ஐயா, தனி இயக்கி போனால் போகட்டும். பொது இயக்கி ஒன்று இருக்கிறது. அதன் வழியே போய்ப் பார்க்கலாம்" என்றான்.

அந்தச் சொல் எனக்குப் புதிது. விளக்கமாகச் சொல் தம்பி என்றேன். அன்று அவன் ஆசிரியன், நான் மாணவன். அவனிடம் கற்றதை, ஆசிரியத் தொழிலின் பழக்கத்தால், ஈண்டு முறைப்படுத்திக் கூறுகிறேன்.

முற்காலத்தில் அச்சுப்பொறிக்கு ஒரு வாய், சுட்டிக்கு ஒரு வாய், விசைப்பலகைக்கு ஒரு வாய் எனக் கணினியின் பின்புறம் பலவகைத் துளைகள் நிறைந்திருந்தன. இக்குழப்பத்தைப் போக்க ஏழு நிறுவனங்கள் கூடி வகுத்த முறையே யூ.எஸ்.பி. அதன் முதற் பதிப்பு 1996ஆம் ஆண்டில் வெளிவந்தது. எந்தக் கருவியாயினும் இம்முறையில் இணைந்தவுடன் கணினி அதற்கு 1 முதல் 127 வரையுள்ள எண்களுள் ஒன்றை முகவரியாக அளிக்கிறது. பின்னர், நீ யார் என வினவுகிறது. கருவி 18 பைட் அளவுள்ள குறிப்பொன்றை விடையாகத் தருகிறது. செய்தவர் எண், பொருளின் எண் ஆகியவை அதில் இருக்கும். அதனைத் தொடரும் குறிப்புகளில் கருவியின் வகை எண் இருக்கும். வகை 3 எனில் விசைப்பலகை, சுட்டி போன்றவை. வகை 8 எனில் நினைவகம். இவ்வகைகளுக்குரிய இயக்கிகளை இயங்குதளம் தன்னிடமே வைத்திருக்கிறது. எந்த ஊரில் வாங்கிய விசைப்பலகையும் எந்தக் கணினியிலும் உடனே வேலை செய்வதன் காரணம் இதுவே.

வகை 255 என்று ஒன்று உண்டு. 'என் மொழி என் முதலாளிக்கு மட்டுமே தெரியும்' என்பது அதன் பொருள் எனலாம். இத்தகைய கருவிக்கு அதனைச் செய்தவரே இயக்கியும் எழுதித் தர வேண்டும். என் கருவி அவ்வினத்தைச் சேர்ந்தது. அதன் இயக்கி 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பிக்காக எழுதப்பட்டது. அதனை எங்கேனும் தேடிப் பிடித்திருந்தாலும், என் 64 பிட் கணினி அதனை உள்ளே விட்டிராது.

"ஏன் விடாது?" என்று கேட்டேன்.

"இயக்கிகள் பெரும்பாலும் இயங்குதளத்தின் கருவறைக்குள் நின்று வேலை செய்பவை, ஐயா. அங்கே ஒன்று தடுமாறினால் கணினி முழுவதும் நின்றுவிடும். அதனால் அங்கே கட்டுப்பாடு அதிகம்" என்றான் அவன். 32 பிட் இயக்கியை 64 பிட் இயங்குதளத்தின் கருவறை ஏற்பதில்லை. அன்றியும், 2007இல் விற்பனைக்கு வந்த விஸ்டாவிலிருந்து, 64 பிட் விண்டோஸின் கருவறைக்குள் புகும் இயக்கிக்கு எண்முறைக் கையொப்பமும் கட்டாயமாயிற்று.

பொது இயக்கியின் அருமை இங்குதான் விளங்குகிறது. விண்டோஸில் இதற்கு வின்யூஎஸ்பி என்று பெயர். மைக்ரோசாஃப்ட் தானே எழுதிக் கையொப்பமிட்டு அளிப்பது. அது கருவறைக்குள் நிற்கும். ஆனால், எந்தக் கருவியின் மொழியையும் அறியாது. வெளியே நிற்கும் சாதாரண நிரல் கொடுக்கும் பைட்டுகளைக் கருவியிடம் சேர்க்கும். கருவி தரும் பைட்டுகளை நிரலிடம் சேர்க்கும். அவ்வளவே. லினக்ஸில் இத்தகைய பொது வழியை இயங்குதளமே திறந்து வைத்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் மேலே லிப்யூஎஸ்பி என்னும் நிரலகத்தை வைத்துக்கொண்டால், ஒருமுறை எழுதிய நிரலைப் பெரிய மாற்றமின்றி இரண்டிலும் இயக்கலாம்.

இதனைக் கேட்டபொழுது எனக்குத் தோட்டத்து அஞ்சல்காரர் நினைவுக்கு வந்தார். தமிழகத்திலிருந்து வரும் கடிதங்களை அவர் கொண்டு வந்து தருவார். உள்ளே இருப்பது திருமணச் செய்தியா, இழவுச் செய்தியா என்பதை அவர் அறியார், அறியவும் தேவையில்லை. கடிதத்தைப் பிரித்துப் படிப்பது வேறொருவர் வேலை. என் இளமையில் பெரியம்மாவுக்கு அவ்வேலையைச் செய்தவன் நான். பொது இயக்கி அஞ்சல்காரர் எனில், படித்துச் சொல்லும் பொறுப்பு நிரல் எழுதுபவனைச் சாரும். சுமப்பது பொது; பொருள் கொள்வது தனி.

மாணவன் தன் மடிக்கணினியைத் திறந்தான். கருவிக்கு வின்யூஎஸ்பியை அமர்த்துவதற்கு ஸாடிக் என்னும் சிறு மென்பொருளைப் பயன்படுத்தினான். இணைக்கப்பட்ட கருவிகளின் பெயர்கள் பட்டியலாகத் தோன்றின. அவன் அவசரப்படாமல், செய்தவர் எண்ணையும் பொருளின் எண்ணையும் இருமுறை சரிபார்த்தான். "இதில் கவனம் வேண்டும், ஐயா. தவறி விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதன் இயக்கி விலகி இது அமர்ந்துவிடும், பிறகு ஓர் எழுத்தும் அடிக்க முடியாது" என்றான்.

வழி திறந்தது. ஆனால், கருவியிடம் எந்த மொழியில் பேசுவது? கருவியின் குறிப்புகளை அவன் உற்று நோக்கினான். தரவை மொத்தமாக அனுப்புவதற்கு ஒரு முனையும், பெறுவதற்கு ஒரு முனையும் இருந்தன. நினைவகங்களிலும் இவ்வமைப்பே காணப்படும். சில கருவிகள் தனி மொழி என்று பறைசாற்றிக்கொண்டு, உள்ளே எல்லாரும் பேசும் மொழியையே பேசுவதுண்டு என்று கூறி, நினைவகங்களுக்குரிய பொதுக் கட்டளையை அனுப்பிப் பார்க்கத் துணிந்தான். "எழுதும் கட்டளை எதையும் அனுப்ப மாட்டேன், படிக்கும் கட்டளை மட்டுமே" என்று எனக்கு உறுதி கூறினான். அந்த உறுதிமொழியை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

31 பைட் நீளமுள்ள கட்டளை சென்றது. நீ யார் என்னும் அதே பழைய கேள்விதான். நான் மூச்சையடக்கி நின்றேன். கருவி 36 பைட்டுகளில் தன் பெயரைக் கூறிற்று. அதன்பின் 13 பைட் நீளமுள்ள முடிவுரை வந்தது. அதன் கடைசி பைட் 0. "வெற்றி என்று பொருள், ஐயா" என்றான் மாணவன். பூச்சியத்தைக் கண்டு நான் மகிழ்ந்தது என் வாழ்நாளில் அதுவே முதன்முறை.

பிறகு நடந்தவை பொறுமையின் வேலை. 64 மெகாபைட் நினைவகத்தை, 512 பைட் கொண்ட 1,31,072 துண்டுகளாகப் படித்தெடுத்தான். சில துண்டுகளுக்கு, இயலவில்லை என்னும் பொருள்பட 1 என்று விடை வந்தது. அவற்றை விட்டு மேலே சென்றான். படித்தெடுத்ததைத் திறந்தபொழுது, ஒலிக்கோப்புகள் இருபத்து மூன்று வரிசையாக நின்றன. ஒன்றைத் தொட்டான்.

"ஏன்டா தம்பி, நான் பாடுனது இதுல ஏறிடுச்சா?"

பெரியம்மாவின் குரல். பாட்டு முடிந்த பின் என்னிடம் கேட்ட கேள்வி அது. அன்று நான் என்ன விடை கூறினேன் என்பது பதிவாகவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, ஏறிவிட்டது பெரியம்மா என்று சொல்ல வாயெடுத்தேன், சொல் வரவில்லை. மாணவன் எழுந்து முற்றத்திற்குச் சென்றுவிட்டான்.

எல்லாம் மீண்டு வந்தன என்று கூறினால் அது பொய்யாகும். மூன்று பாட்டுகள் நடுவில் அறுந்து நிற்கின்றன. ஓர் ஒப்பாரியில் முதல் நான்கடி மட்டுமே உள்ளது. அதனைப் பாடிய மூதாட்டியின் வேறு பதிவும் இல்லை. எஞ்சிய அடிகளை இனி எந்த இயக்கியாலும் மீட்க இயலாது. அந்த இழப்புக்குக் காரணம் கருவி மட்டும் அன்று. நாளை நாளை என்று நாளைக் கடத்திய நானும்தான்.

இந்நிகழ்ச்சி எனக்கு வேறொன்றையும் நினைவூட்டியது. 1990ஆம் ஆண்டுகளில் எங்கள் பள்ளி மலரை நான் கணினியில் தட்டச்சு செய்தேன். அக்காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் என் கட்டுரைகள் பொருளற்ற கோடுகளாகவும் புள்ளிகளாகவும் தோன்றின. யூனிகோட் 1991ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் அளித்திருந்தது. அப்பொதுக் குறியீடு நம் பழக்கத்திற்கு வரத்தான் காலம் பிடித்தது. தனி மொழி பேசிய கருவிக்கும் தனிக் குறியீட்டில் அடைபட்ட கட்டுரைக்கும் நேர்ந்த துன்பம் ஒன்றே. சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவரோடு சேர்ந்து பெட்டியும் போய்விடுகிறது.

தனித்தன்மை வேண்டாம் என்று நான் கூறவில்லை. பெரியம்மாவின் பாட்டைப் போல் வேறெவரும் பாட இயலாது. அதுவே அதன் பெருமை. ஆனால், பாட்டு தனித்தன்மை உடையதாக இருக்கலாம். அதனை அடையும் வழி பொதுவாக இருத்தல் வேண்டும். ஊர்க் கிணற்றில் எவர் குடம் கொண்டு வந்தாலும் நீர் மொள்ளலாம். எந்தக் குடத்திற்கென்று கிணறு கேட்பதில்லை. பொது வழி யாருடைய பாட்டையும் புரிந்துகொள்வதில்லை. அதனால் யாருடைய பாட்டையும் மறுப்பதுமில்லை.

இப்பொழுது அந்தப் பாட்டுகள் மூன்று வெவ்வேறு இடங்களில், எக்கணினியும் திறக்கக்கூடிய பொது வடிவில் உள்ளன. அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்கும் ஒரு படி கொடுத்திருக்கிறேன். சென்ற ஆண்டு அங்கே ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பெரியம்மாவின் தாலாட்டைப் போட்டுக் காட்டினேன். ஒரு சிறுமி கையுயர்த்தி, "ஆயாக் கொட்டகை என்றால் என்ன, ஐயா?" என்று கேட்டாள். தாய்மார் வெட்டுக்குச் செல்லும்பொழுது குழந்தைகளை விட்டுச் சென்ற இடம் என்று விளக்கினேன். அவள் அதனைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டாள்.

உங்கள் வீட்டு இழுப்பறையிலும் இத்தகைய கருவி ஒன்று கிடக்கலாம். வாசல் இன்னும் திறந்திருக்கும்பொழுதே அதனை எடுத்துப் பாருங்கள்.