கடப்பாரையும் ரேடாரும்

எங்க நைனா ரோடு வெட்டுகிற வேலை செய்தார். தலையில் துண்டு, கையில் கடப்பாரை, காலில் ஒன்றுமில்லை. மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. மணலும் அதன்மேல் செங்கல் வரிசையும் தட்டுப்பட்டால், ‘நிறுத்துடா, கீழ கேபிள் கீது’ என்பார். செங்கல் வைக்காமல் புதைத்த கேபிளை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்படி ஒன்றில் ஒருநாள் கூட்டாளியின் கடப்பாரை இறங்கிவிட்டது. முழங்கைவரை வெந்துபோனது. ஓடிவந்த காண்ட்ராக்டர் முதலில் கேட்டது: ‘எந்த ஏரியாவுல கரண்டு போச்சு?’

போன மாதம் எங்கள் தெருவைத் தோண்ட வந்தவர்கள் ரேடார் வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இன்ஜினியர் தம்பி அதைத் தெருவின் குறுக்கே உருட்டிக்கொண்டே விளக்கினான். ரேடியோ அலை மண்ணுக்குள் போகிறது. குழாய், கேபிள், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, எதில் பட்டாலும் திரும்பி வருகிறது. வருகிற நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். திரையில் குழாய் கவிழ்த்த வில் மாதிரி தெரிந்தது.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நைனா காலத்திலேயே வந்திருக்க வேண்டிய மெஷின்.

‘ஈரக் களிமண்ணுல அலை ரொம்ப ஆழம் போகாது சார். பிளாஸ்டிக் குழாய் மங்கலாத் தெரியும். கடைசியில ஆளை வச்சுக் குழி வெட்டித்தான் உறுதி பண்ணணும்.’

அந்த ஆள் யார்? ஓரமாக உட்கார்ந்திருந்த இரண்டு பேர். எங்கள் சேரி ஆட்கள். காலில் ரப்பர் பூட்ஸ் இல்லை, கையில் உறை இல்லை. கையால் மலம் அள்ளவைப்பதற்கு எதிராக 1993இலும் 2013இலும் சட்டம் போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றம் நட்ட ஈட்டை 30 லட்சமாக உயர்த்தியது. செத்த பிறகு கிடைக்கும் பணம் அது.

பெரியவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டச் சொன்னேன். உற்றுப் பார்த்தார். ‘இதுல கரண்டு ஓடுதா இல்லியான்னு தெரியுமா தம்பி?’

‘அது இதுல தெரியாதுங்க. அதுக்கு வேற கருவி இருக்கு. எடுத்தாரல.’

லைனை நிறுத்துங்கள், பிறகு இறங்குவார்கள் என்றேன். சூப்பர்வைசர் முகம் சுளித்தார். ‘ஏரியா பூரா கரண்டு போயிடும் சார்.’

நைனா காலத்துப் பேச்சு அப்படியே இருக்கிறது. நாங்கள் குழியோரம் உட்கார்ந்துவிட்டோம். கரண்டை நிறுத்திய பிறகுதான் பெரியவர் கடப்பாரையைத் தொட்டார்.