எண்ண வந்தவர்கள்

அரபு மொழியில் எண்ணிக் கணக்கிடுவதற்கு ‘இஹ்ஸா’ என்றொரு சொல் உண்டு. ‘ஹஸா’ என்றால் கூழாங்கல். எழுத்தறியாத பண்டை அரபிகள் ஒட்டகம் ஒன்றுக்கு ஒரு கல்லாக எடுத்து வைத்துத் தம் மந்தையைக் கணக்கிட்டார்கள் என்றும், அந்தக் கல்லிலிருந்தே இச்சொல் பிறந்தது என்றும் மொழியறிஞர் கூறுவர். இன்று அரபு நாடுகளில் புள்ளிவிவரக் கலைக்கும் இதுவே பெயர். எண்ணுதல் என்பதோடு, ஒன்றையும் விட்டுவிடாமல் முழுமையாக அறிந்துகொள்ளுதல் என்ற பொருளும் இதற்கு உண்டு. மதரஸாவில் முப்பது ஆண்டுகளாக நாம் இச்சொல்லை மாணவர்களுக்கு விளக்கி வருகிறோம். ஆயினும், எண்ண வந்தவர்களை நம் வீட்டு வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியவரும் நாமேதாம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

2010-ஆம் ஆண்டு அது. நமதூர் கடற்கரையோரச் சிற்றூர். ஒரு நாள் மாலை, அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பியபோது இரண்டு இளம்பெண்களும் ஓர் இளைஞரும் வாசலில் நின்றிருந்தார்கள். கையில் ஒரு சிறு பெட்டி, உயரம் அளக்கும் கோல், இடுப்பு அளக்கும் நாடா. ஆராய்ச்சி ஒன்றுக்காக வந்திருப்பதாகவும், சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் தெரிவான வீடுகளுள் நம் வீடும் ஒன்று என்றும் கூறினார்கள். இருபது வயது கடந்தவர்கள் இரவு உணவுக்குப் பின் எதுவும் உண்ணாமல் இருக்கவேண்டும். காலையில் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுப்பார்கள். பிறகு குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கத் தந்து, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு துளி எடுப்பார்கள். அவ்வளவே.

“இந்த வீட்டில் யாருக்கு நோய் என்று கேள்விப்பட்டு வந்தீர்கள்?” என்று கேட்டோம்.

“யாருக்கும் இல்லை, ஹஜ்ரத். நோய் இல்லாதவர்களையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்” என்றாள் அப்பெண்.

அந்த விடை நமக்கு விளங்கவில்லை. விளங்காததைச் சந்தேகிப்பது எளிது. கதவுக்குப் பின்னாலிருந்து நம் லாத்தாவின் குரல் கேட்டது: “பாத்துட்டுத்தான் போகட்டுமே, தம்பி.” வாப்பாவும் உம்மாவும் மறைந்த பிறகு நம்மை வளர்த்தவர் அவர். இளமையிலேயே கணவரை இழந்து நம்முடனேயே இருப்பவர். “நோய் நொடி இல்லாத வீட்டிலே ரத்தம் எடுப்பானேன், லாத்தா?” என்று சொல்லிக் கதவைச் சாத்தினோம். ரமலானில் முப்பது நாளும் பகல் முழுவதும் பசித்திருக்கும் வீட்டார் நாம். ஆராய்ச்சிக்காக ஓர் இரவு பசித்திருப்பது நமக்குப் பெரிதாகப் பட்டது!

மூன்றாண்டுகள் கழித்து, 2013-இல், லாத்தாவின் வலது காலில் கிளிஞ்சல் ஒன்று கீறியது. கீறியது அவருக்கே தெரியவில்லை. சில நாட்களில் புண் புரையோடி, வாடை வீசத் தொடங்கிய பிறகே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இரத்தத்தைப் பரிசோதித்த மருத்துவர், “இந்தச் சீனி இன்று நேற்று ஏறியதன்று. பல ஆண்டுகளாகவே இருந்திருக்க வேண்டும்” என்றார். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தே நெடுங்காலம் இருந்தால் பாதத்து நரம்புகள் சிறிது சிறிதாக உணர்விழக்கும். சிறு இரத்தக் குழாய்களும் பழுதுபடும். வலி என்பது உடம்பின் காவற்காரன். அக்காவற்காரன் உறங்கிவிட்டால் புண் வந்ததும் தெரியாது. வந்த புண் ஆறவும் ஆறாது. லாத்தாவின் இரண்டாவது கால்விரலை எடுத்துவிட்டார்கள்.

அன்றிரவு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்து ஆண்டுகளைக் கணக்கிட்டோம். பின்னோக்கி எண்ணிக்கொண்டே போன விரல்கள் அந்த அஸர் வேளையில் வந்து நின்றன. அன்று பரிசோதித்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்று அடித்துச் சொல்ல எவராலும் இயலாது. ஆனால், மூன்றாண்டு அவகாசம் கிடைத்திருக்கும். அந்த மூன்றாண்டை அவரிடமிருந்து பறித்தவர் நாம்.

மறுநாள் அவரிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். “அத விடு தம்பி. நீ சரின்னு சொல்லியிருந்தாலும், காலையிலே தேத்தண்ணி குடிக்காம என்னாலே இருந்திருக்க முடியாது” என்றார். வாரந்தோறும் திங்களும் வியாழனும் சுன்னத்தான நோன்பு நோற்பவர் அவர். நம் நெஞ்சின் சுமையை இறக்குவதற்காகவே அதைச் சொன்னார் என்பதை நாம் அறிவோம்.

அதன் பின்னரே நாம் இதுபற்றிப் படிக்கத் தொடங்கினோம். கிதாபுகளில் பழகிய கண்களுக்கு மருத்துவ ஆராய்ச்சி புதிய துறை. ஆயினும் முற்றிலும் அந்நியமானதன்று. இந்நோயைத் தமிழர் நீரிழிவு என்றும் மதுமேகம் என்றும் அழைத்தனர். ‘சர்க்கரா’ என்ற வடசொல் பாரசீகம் வழியே சென்று அரபியில் ‘சுக்கர்’ ஆயிற்று; அதிலிருந்தே இன்றைய அரபிகள் இந்நோய்க்கு ‘சுக்கரி’ என்று பெயரிட்டனர். நம் நாட்டில் இந்நோய்க்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு முதன்முதலாகத் தொடங்கப்பட்டதும் நமது சென்னையில்தான்: 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் மு. விசுவநாதன் அதனைத் தொடங்கினார்.

1970-களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய கணக்கெடுப்பில், நகரங்களில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேருக்கே இந்நோய் இருந்தது. கிராமங்களில் அதனினும் குறைவு. பணக்காரர் வியாதி என்று நம் பெரியவர்கள் சொன்னதில் அன்று ஓரளவு உண்மை இருந்தது. பின்னர் அதே கவுன்சிலின் ஆதரவில், 2008 முதல் 2020 வரை, நாட்டின் எல்லா மாநிலங்களிலும் வீடு வீடாகச் சென்று 1,13,043 பேரைப் பரிசோதித்தார்கள். 2023-இல் முழு முடிவு வெளிவந்தது. வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு. நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் 10 கோடிக்கும் மேல். நோயின் எல்லையை நெருங்கிக்கொண்டிருப்போர் நூற்றுக்கு 15.3 பேர். கோவாவில் நூற்றுக்கு 26.4 பேருக்கு நீரிழிவு. உத்தரப் பிரதேசத்தில் 4.8 பேருக்கே. ஆனால் அந்த உத்தரப் பிரதேசத்தில் எல்லையில் நிற்போர் தொகை நோயாளிகளைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. இன்று குறைவு என்று மகிழ்ந்திருக்கும் ஊரில் நாளை என்ன வரும் என்பதை இக்கணக்கே முன்கூட்டிச் சொல்கிறது.

அந்தப் பெண் சொன்ன விடை இப்போது நமக்கு விளங்கிற்று. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால், தமக்கு நோய் என்று அறிந்தவர்களின் கணக்கே கிடைக்கும். உலகில் இந்நோய் கண்ட பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தமக்கு அது இருப்பதையே அறியாதவர்கள். அவர்கள் மருத்துவமனையில் இல்லை. கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். “பாத்துட்டுத்தான் போகட்டுமே” என்கிறார்கள்.

இன்னொன்றும் விளங்கிற்று. ஒரு லட்சத்துச் சொச்சம் பேரைப் பார்த்துவிட்டுக் கோடிக்கணக்கானோரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால், பரிசோதிக்கப்பட்ட ஒவ்வொருவரும் சுமார் 7,800 பேருக்காக நின்று சாட்சி சொல்கிறார் என்று பொருள். அதனாலேயே வீடுகளைத் தம் விருப்பம்போல் தெரிவு செய்யாமல் குலுக்கல் போன்ற முறையைக் கையாளுகிறார்கள். தெரிவான வீடு கதவைச் சாத்தினால் அந்தச் சாட்சியம் குறைகிறது. ஒரே வகையான மக்கள் பலர் சாத்தினால், அவர்களின் நோயே கணக்கில் வராமல் போகிறது. கணக்கில் வராத நோய்க்கு மருந்தும் மருத்துவரும் எப்படி வந்து சேர்வார்கள்? அறிந்த சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று பிக்ஹுப் பாடம் நடத்துகிற நாம், அன்று வாசலில் நின்று செய்தது வேறென்ன? நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே முஸ்லிம்களின் பெயர்களை எழுதித் தொகுக்கப் பணித்ததையும், எண்ணிக்கை ஆயிரத்தைந்நூறாக இருந்ததையும் ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. எண்ணப்படுதல் நமக்குப் புதியதன்று, நாம் மறந்திருந்தோம்.

எண்ணிக்கை வெறும் எண்ணிக்கையாக நின்றுவிடுவதில்லை. நீரிழிவின் எல்லையில் நின்ற 531 பேரைச் சென்னையில் மூன்றாண்டு தொடர்ந்து கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர். தனி அறிவுரை ஏதும் பெறாதவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகள் ஆனார்கள். நாள்தோறும் அரைமணி நேர விரைந்த நடையும் உணவுக் கட்டுப்பாடும் கற்பிக்கப்பட்டவர்களில் 39 பேரே அவ்வாறு ஆனார்கள். மாத்திரை தந்தவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறத்தாழ இதே அளவுதான். லாத்தாவின் சிகிச்சைக்குப் பிறகு நாமும் பரிசோதித்துக்கொண்டோம். நாமும் அந்த எல்லையில்தான் நிற்கிறோம் என்று தெரிந்தது. அன்று முதல் சுப்ஹு தொழுகைக்குப் பின் கடற்கரை வரை விரைந்து நடந்து வருகிறோம். வலிமாச் சோற்றில் இரண்டாம் முறை கை நீட்டுவதில்லை. பதினோராண்டுகளுக்கு மேலாகியும், அல்ஹம்துலில்லாஹ், எல்லையைக் கடக்கவில்லை.

நம் குடும்பங்களுக்கு மிக நெருக்கமான ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. 2001-இல் இந்தியா உள்ளிட்ட 13 நாடுகளில் 12,243 நீரிழிவுக்கார முஸ்லிம்களிடம் அவர்களின் ரமலானைப் பற்றி விசாரித்தார்கள். சிறு வயதிலேயே இன்சுலின் தேவைப்படும் முதல் வகையினரில் நூற்றுக்கு 43 பேரும், நம்மிடையே மிகுதியாகக் காணப்படும் இரண்டாம் வகையினரில் 79 பேரும், குறைந்தது பதினைந்து நாள் நோன்பு நோற்றிருந்தார்கள். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிப்போவது அம்மாதத்தில் முதல் வகையினரிடம் 4.7 மடங்காகவும், இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்காகவும் மிகுந்தது.

இந்த எண்ணை நாம் ஏட்டில் படிக்குமுன்பே வீட்டில் கண்டோம். 2014 ரமலான் ஜூன் மாத இறுதியில், கடும் வெயிலில் தொடங்கியது. நோன்பு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். லாத்தா நமக்குத் தெரியாமல் ஸஹர் செய்து, மாத்திரையும் விழுங்கி நோன்பு வைத்திருக்கிறார். அஸர் நேரத்தில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நம்மை வாப்பாவின் பெயர் சொல்லி அழைத்தார். சீனி கரைத்த நீரை அவர் வாயருகே கொண்டு சென்றபோது உதடுகளை இறுக மூடிக்கொண்டார். “லாத்தா, இது நான் சொல்றது இல்லே. நோயாளிக்கு அல்லாஹ்வே கொடுத்த சலுகை. அதை வேண்டாம்னு சொல்ல நாம் யாரு?” என்றோம். பிறகே வாய் திறந்தார். தெளிந்த பின் அழுதார். உடம்புக்காக அன்று, போன நோன்புக்காக.

ஆறும் நோய் என்றால் வேறு நாட்களில் களாச் செய்வது. ஆற வழியில்லாத நோய் என்றால் நாளுக்கு ஒரு முத்து தானியம் ஏழைக்கு ஃபித்யாவாகக் கொடுப்பது. இது நம் ஷாஃபிஈ மத்ஹபில் தெளிவான சட்டம். ஆனால் யாருக்கு ஆபத்து, எப்போது ஆபத்து என்பதை மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும். அத்தகைய ஆராய்ச்சிகளின் பயனாக 2016-இல் உலக நீரிழிவுக் கூட்டமைப்பும் ரமலானுக்கென அமைந்த மருத்துவர் குழுவும் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டன. நோன்பு நோற்கலாமா என்பதை ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கலந்துகொள்ள வேண்டும். மாத்திரையின் அளவையும் வேளையையும் அவரே மாற்றித் தரவேண்டும். நோன்பிருக்கையில் விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பன அதிலுள்ள அறிவுரைகள். ஷஅபான் மாத ஜும்ஆக்களில் இவற்றை நாம் மிம்பரில் சொல்லி வருகிறோம். அன்று வாசல் திறந்து விடை சொன்ன பன்னிரண்டாயிரம் பேர் இல்லையென்றால், நமக்கு மிம்பரில் சொல்ல இது கிடைத்திராது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். நோய் கண்டவர்களுக்கு மருந்தையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். முதன்முறையாக அத்திட்டத்துப் பெண் நம் தெருவுக்கு வந்தபோது, கதவைத் திறந்து நாற்காலி போட்டோம். லாத்தா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் முன்பாக விரலை நீட்டினார். அப்பெண் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தபோது, லாத்தா நம் பக்கம் கையைக் காட்டினார்.

“இவரு பேரையும் எழுதிக்கோ, பிள்ளே. முதல்லே வந்தவங்களைத் திருப்பி அனுப்பிட்டாரு.”

நாம் விரலை நீட்டினோம்.